செல்லாயியின் புட்டுக்கடை

நாவமரத் தோட்டத்துப் பங்களாவை ஊரே சுரண்டி முடித்த பிறகுதான் செல்லாயி அங்கே திருடப் போனாள். அது அவள் சுபாவம். முதலில் போகிறவன் மாட்டுவான், கடைசியில் போகிறவனுக்குக் கையில் ஒன்றும் மாட்டாது. மாட்டாமல் வருவதே மேல் என்பது அவள் கட்சி.

ஜப்பான்காரன் மலாயாவின் கெடாவுக்குள் நுழைந்த டிசம்பரில், துரை தன் நாயைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு தெற்கே ஓடிப்போனார். இருபது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவனுக்கு வண்டியில் இடமில்லை. அவர் போன மறுநாளே கட்டில், மெத்தை, பீங்கான், கரண்டி எல்லாம் ரப்பர் தோட்டக் கூலிகளின் லயத்து வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. குளியல் தொட்டியை ஆறு பேர் பாடையைப் போலத் தூக்கிப் போய்ப் பன்றிக்குத் தவிடு கரைக்க வைத்தார்கள்.

செல்லாயிக்கு அந்தப் பங்களா புதிதில்லை. எட்டு வருடம் அதைக் கூட்டித் துடைத்தவள். முப்பது வயது, வற்றிய உடம்பு, செமிலிங் சந்தை வரைக்கும் கேட்கிற தொண்டை. ஆறேழு மாதம் கழித்து, உடுத்தத் துணி இல்லாமல் ஜனங்கள் கோணிப்பையைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் அவளுக்குப் பங்களாவின் ஜன்னல் திரைகள் ஞாபகத்துக்கு வந்தன. போய்ப் பார்த்தால் திரையும் இல்லை, திரை தொங்கிய கம்பியும் இல்லை. சுவரில் படங்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

சாமிப் படமாக இருந்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இவையெல்லாம் பழுப்பேறிய தாளில் கறுப்பு மையில் அச்சான பழங்காலத்துப் படங்கள். கப்பல், கோட்டை, குதிரை, தொப்பிக்காரன். செப்புத் தகட்டிலும் கல்லிலும் எழுதி, நூறு வருடத்துக்கும் முன்னால் அச்சுப் போட்டவை என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்தது, ஒவ்வொரு படத்தின் மேலும் நல்ல கண்ணாடி இருக்கிறது என்பதுதான். சீனக் கடையில் கொடுத்தால் உப்பாவது கிடைக்கும். கூடத்தில் இருந்த பெரிய படத்தைக் கழற்றி மடியில் சாய்த்து, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

பின்னால் பூட்ஸ் சத்தம்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குட்டையான ஜப்பான்காரர். வட்டக் கண்ணாடி, இடுப்பில் கத்தி இல்லை. தோட்டங்களைக் கையில் எடுத்திருந்த ஜப்பானிய ரப்பர் கம்பெனி அனுப்பிய மேற்பார்வையாளர். மற்றவர் ஜைனல். போருக்கு முன்பு சுங்கைப்பட்டாணியில் ஒரு ஜப்பானியப் போட்டோக் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்தச் சகவாசத்தில் இருநூறு ஜப்பானிய வார்த்தைகள் படிந்திருந்தன. பற்றாக்குறைக்குச் சொந்தச் சரக்கைச் சேர்த்துக்கொள்வார்.

போட்டுவிட்டு ஓடலாமா, காலில் விழலாமா என்று செல்லாயி கணக்குப் போடுவதற்குள், அந்த ஜப்பான்காரர் அவளைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்தார்.

“என்னா பாய், கல்லு எடுக்குறானா?” என்றாள் செல்லாயி, படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

“டியம்லா தங்கச்சி, வாயத் தொறக்காத. ஒனக்கு மரியாத பண்றாரு. ஊரே திருடுறப்ப நீ ஒருத்திதான் படத்தத் தொடச்சிப் பாதுகாக்குறன்னு சொல்றாரு.”

“நானா?”

“நீதான். தலைய ஆட்டு.”

ஆட்டினாள். அந்த ஆட்டலில் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

ஜப்பான்காரர் பெயர் ஓகாத்தா. உரக்கச் சொன்னால் யாரோ யாருடைய ஆத்தாவையோ வைவதுபோல இருந்ததால், தோட்டத்து ஆட்கள் அவரை ‘மாஸ்டர்’ என்று மட்டும் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா ஒசாக்காவில் மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தாராம். ரப்பர் கணக்குப் பார்க்க வந்த மனிதர், பங்களாச் சுவரைப் பார்த்ததும் ரப்பரை மறந்துபோனார். சுற்று வட்டாரத்துக் காலிப் பங்களாக்களில் இருந்த படங்களையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். இந்த வீடு இனிமேல் ‘ஹகுபுட்சுகான்’ என்று அறிவித்தார்.

“அக்கா புட்டுக்கானா?” என்றாள் செல்லாயி.

“மியூசியம்லா. பழைய சாமான் காட்டுற எடம். நீ மாட்டணும், தொடைக்கணும், பூச்சி அரிக்காமப் பாத்துக்கணும். யாராச்சும் வந்தா காட்டணும்.”

“யாரு வருவா?”

“யாரு வரப்போறா, ஒருத்தனும் வரமாட்டான்.”

“கூலி?”

“வாரா வாரம் அரிசி.”

மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று ஊரே வீங்கிக்கொண்டிருந்த காலம். அரிசி என்ற சொல்லைக் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. “அப்ப நான் பொறந்ததே இந்தப் படத்துக்காகத்தான்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க பாய்,” என்றாள். ஜைனல் அதை எப்படிச் சொன்னாரோ, ஓகாத்தாவின் கண் கலங்கியது.

லயத்தில் செய்தி பரவியபோது ஹகுபுட்சுகான் புட்டுக்கடையாகவே போய்ச் சேர்ந்தது. முதல் வாரம் ஏழெட்டுப் பேர் தட்டோடு வந்து பங்களா வாசலில் நின்றார்கள். செல்லாயி படத்தைக் காட்டினாள். ஏச்சு வாங்கினாள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வேலை அவள் நினைத்ததுபோல லேசானதில்லை. ஓகாத்தா ஒவ்வொரு படத்தையும் சட்டத்திலிருந்து பிரித்து, ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசு தட்டி, பின்னால் கற்பூரம் வைத்து, மறுபடி பொருத்துவார். குழந்தைக்குக் கோவணம் கட்டுகிற கவனம். செல்லாயிக்கு அது பித்துக்குளித்தனமாகப் பட்டது. அவர் அலோர் ஸ்டார் போயிருந்த நாளில், வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று பினாங்கு மலை அருவிப் படத்தை எடுத்துச் சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். அது கையால் வர்ணம் தீட்டிய படம். வானம் முழுக்கப் பக்கெட்டில் இறங்கிவிட்டது. அருவி மட்டும் சோறு வடித்த கஞ்சிபோலத் தாளில் நின்றது.

திரும்பி வந்த ஓகாத்தா, “பக்கேரோ!” என்று கத்தி ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்த ஈரத் தாளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, பொழுது சாயும்வரை ஒற்றி ஒற்றி எடுத்தார். செல்லாயி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்து அவருடைய ஏழு தலைமுறையையும் தமிழில் குளிப்பாட்டினாள். மறுநாள் வேலைக்கு வராமல் இருந்திருப்பாள். மறுநாள்தான் அரிசி நாள்.

அதன்பிறகு எந்தப் படத்திலும் அவள் தண்ணீர் காட்டவில்லை. ஆனால் அவற்றுக்குப் பெயர் வைத்தாள். ‘தொப்பிக் கிழவன்’, ‘நாலு கப்பல்’, ‘யானை மேல ஏறிட்டு எறங்கத் தெரியாதவன்’. நான்கு பேர் சுமக்கும் பல்லக்கில் தொந்தியோடு சாய்ந்திருக்கும் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரனுக்கு ‘மூலக்காரன்’ என்று பெயர். உட்கார முடியாமல்தானே படுத்துக்கொண்டு போகிறான்!

மறு வருடம் சயாம் ரயில் போடும் வேலைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள். போனவன் திரும்பவில்லை என்பதை லயம் அறிந்துகொள்ள அதற்குமேல் தேவைப்படவில்லை. நாவமரத் தோட்டத்தில் ஆள் சேர்க்கும் பொறுப்பு கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கத்தின் தலையில் விழுந்தது. துரை காலத்தில் துரைக்கு விசுவாசம், ஜப்பான் காலத்தில் ஜப்பானுக்கு விசுவாசம். நாற்காலியைத் தவிர எதற்கும் துரோகம் செய்யாதவர். அந்த மாதம் அவர் எழுதிக் கொடுத்த ஆட்களில் செல்லாயியின் புருஷன் ராமையாவும் இருந்தான்.

ராமையா நல்லவன். ரப்பர் மரத்தில் கத்தியை வைத்தபடியே தூங்கத் தெரிந்தவன். சயாம் காட்டில் ஒரு மாதம் தாங்கமாட்டான் என்று செல்லாயிக்குத் தெரியும். ஏணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும், என் புருஷனைக் கொடுங்கள் என்று ஓகாத்தாவிடம் கேட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் நீ தனியாகத்தானே மாட்டினாய் என்றார் அவர்.

மறுநாள் காலை செல்லாயி கூடத்தில் ஏணியைப் போட்டு, இருப்பதிலேயே பெரிய படமான நாலு கப்பலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உச்சிப் படிக்கு ஏறினாள். ஏறி நின்று ஆட ஆரம்பித்தாள். ஏணி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம்.

ஓகாத்தா கணக்கறையிலிருந்து பாய்ந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். இறங்கு, இறங்கு என்று கத்தினார்.

“பாய், மாஸ்டர் என்னா சொல்றாரு?”

“எறங்கச் சொல்றாருலா! ஒனக்குக் கிறுக்கா?”

“எறங்குறேன். இன்னைக்கு இவரு புடிச்சிட்டாரு. நாளைக்கு யாரு புடிப்பான்னு கேளுங்க.”

ஜைனல் கேட்டார். ஓகாத்தா மேலே பார்த்தார். செல்லாயி படத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். கண்ணாடி சட்டத்தைவிட்டு நழுவுவதுபோல ஒரு சத்தம்.

“கைவலிக்குது பாய். சீக்கிரம் கேளுங்க.”

ஓகாத்தாவின் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணாடியை மறைத்தது. துடைக்கக் கை இல்லை. ஏணியை விட்டால் கப்பல் போச்சு. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

“ராமையாவக் கூட்டியாரச் சொல்றாரு,” என்றார் ஜைனல். “எறங்கித் தொல லா!”

இப்படியாக ராமையா, மலாயாவிலேயே ஏணி பிடிப்பதை முழுநேர உத்தியோகமாகக் கொண்ட ஒரே மனிதன் ஆனான். அதையும் சாய்ந்து தூங்கியபடிதான் பிடித்தான்.

செல்லாயி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். சிரிப்பு அன்று சாயங்காலம் வரைதான் நீடித்தது. கிராணிக்கு ஆள் குறைந்தது. குறைந்த இடத்தில் அடுத்த வீட்டுப் பழனியாண்டியைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார். மருதம்மாளின் புருஷன். கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டக் கயிறு வாங்கப் போனவன், அந்தக் கயிற்றோடு லாரியில் நின்றான்.

மருதம்மாள் அழவில்லை. செல்லாயி வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள். “ஒம் புருசன் ஏணி புடிக்கிறான். எம் புருசன் என்னத்தப் புடிக்கிறான்னு சொல்லுடி.”

ஊரையே வாயால் கட்டிப்போடுகிற செல்லாயிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மறுநாளிலிருந்து அரிசியில் பாதியை அளந்து மருதம்மாள் வாசலில் வைத்தாள். முதல் தடவை மருதம்மாள் அதைக் கோழிக்கு வீசினாள். இரண்டாம் தடவையும் வீசினாள். மூன்றாம் தடவை குழந்தை பிரேமாவதி பசியில் வீறிட்டபோது உள்ளே எடுத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பெண்களும் ஒரே அரிசியை ஊமைபோல உலையில் போட்டார்கள்.

ஏணிக் கதை கிராணிக்கு உறுத்தலாகவே இருந்தது. நாவமரத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் படத்துக்குப் பூசை நடக்கிறது என்று எங்கேயோ ஊதிவிட்டார். ஒருநாள் மத்தியானம், கத்தி கட்டிய படை அதிகாரி ஒருவன் நான்கு சிப்பாய்களோடு பங்களாவுக்கு வந்து இறங்கினான். ராமையா ஏணியை விட்டுவிட்டுக் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அதிகாரி சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். எல்லாம் வெள்ளைத் தோல், வெள்ளைக் கொடி, வெள்ளைக் கோட்டை. ஓகாத்தா பின்னாலேயே ஓடிச் சரித்திரம், அச்சுக்கலை என்று ஏதேதோ சொன்னார். அதிகாரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். ஜைனல் செல்லாயியின் காதருகே முணுமுணுத்தார்: “எல்லாத்தையும் கொளுத்தணுமாம்.”

படம் போனால் ஏணி போகும். ஏணி போனால் ராமையா போவான். செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பாய், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. இது பூசை போடுற எடம் இல்ல, காறித் துப்புற எடம்னு சொல்லுங்க.”

“தலைய எடுத்துருவான்லா தங்கச்சி.”

“என் தல சும்மாதான இருக்கு. சொல்லுங்க.”

மூலக்காரன் படத்துக்கு எதிரே போய் நின்றாள். “இந்த ஆளப் பாருங்க ஐயா. இவனுக்கு நடக்கத் தெரியாது. வெளிக்கிப் போவணும்னாலும் நாலு பேரு தூக்கணும்.” சொல்லிக்கொண்டே பல்லக்குத் தூக்குகிறவனாக முதுகை வளைத்து, மூச்சு வாங்கி, கூடத்தைச் சுற்றி வந்தாள். பிறகு பல்லக்கில் சாய்ந்தவனாகி, தொந்தியைத் தள்ளி, கண்ணைச் சொருகினாள். “நீங்க வரீங்கன்னு கேட்டதும் இவன் பேரன் என்னா பண்ணான்? நடக்கவே தெரியாத பரம்பர, நாயத் தூக்கிட்டு ஓடிச்சு பாருங்க ஒரு ஓட்டம்!” புடவையைத் தூக்கிப் பிடித்து, இடுப்பில் ஒரு நாயையும் இடுக்கிக்கொண்டு, துரை ஓடிய ஓட்டத்தை ஓடிக் காட்டினாள்.

ஜைனல் எந்த இடத்தில் எந்த வார்த்தையைப் போட்டாரோ, பாதிக்கு மேல் தேவைப்படவே இல்லை. சிப்பாய்களில் ஒருவன் முதலில் சிரித்தான். அதிகாரி திரும்பி முறைத்தான். முறைத்த மூஞ்சியிலேயே வாய் கோணி அவனும் சிரித்துவிட்டான். இன்னொரு தடவை ஓடு என்று கை காட்டினான். ஓடினாள்.

ஆனாலும் வந்த காரியம் ஒன்று இருக்கிறதே. ஒரு படத்தையாவது கொளுத்தியாக வேண்டும் என்றான். ஓகாத்தாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. செல்லாயி உள்ளே ஓடி, தான் அலசிக் கெடுத்த அருவிப் படத்தைத் தூக்கி வந்தாள்.

“இதுதான் இருக்குறதுலயே ஒசத்தியான படம்னு சொல்லுங்க பாய். வெள்ளக்கார ராணிக்கு உசுரான மலை. இதக் கொளுத்துனா அவளுக்கு வயிறெரியும்.”

வாசலில் வைத்துக் கொளுத்தினார்கள். ஓகாத்தா எரிகிற தாளைப் பார்த்தார், செல்லாயியைப் பார்த்தார். அதிகாரி போன பிறகு முதல் நாள் மாதிரியே இடுப்பு வரைக்கும் குனிந்தார். இந்தத் தடவை அவர் கல் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அறைந்த கை இதுதான் என்பதும் மறக்கவில்லை. பதிலுக்கு அரைக்கும்பிடாக ஒன்று போட்டுவைத்தாள்.

அதற்குப் பிறகு கடைக்குக் கூட்டம் வந்தது. வெள்ளைக்காரனைக் கேலி செய்கிற காட்சி என்று பெயர் பரவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட வரிசையாகக் கூட்டிவந்தார்கள். செல்லாயி படத்துக்குப் படம் ஒரு கதை வைத்திருந்தாள். ஒன்றும் உண்மையில்லை. நடுவில் கெடாவைச் சயாம்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. புதுக் கொடி பறந்தது. “எவன் ஆண்டா என்னா, கெழங்கு அதே கெழங்குதான்,” என்று அவள் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் வேண்டுமே, ஓகாத்தா இருந்த இடத்திலேயே இருந்தார். அரிசி பாதியானது, பிறகு கால் ஆனது. அதிலும் பாதி மருதம்மாள் வாசலுக்குப் போனது.

ஜப்பான் தோற்றுவிட்டது என்ற சேதி வந்தபோது, ஓகாத்தாவைக் கூட்டிப்போக லாரி வந்தது. ஒரு சின்னப் பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டார். படியில் நின்று அவளிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னா பாய்?”

ஜைனல் தயங்கினார். “மேக்கால ஜன்னல் சரியா சாத்தலயாம். மழ வந்தா சாரல் அடிக்குமாம். பாத்துக்கச் சொல்றாரு.”

“ஊரே கவுந்து போச்சு, இந்தாளுக்கு ஜன்னல் கவல.” சொன்னாளே தவிர, லாரி போனதும் போய் ஜன்னலைச் சாத்தினாள். ஜைனல் ஒரே இரவில் ஜப்பானிய மொழியை அடியோடு மறந்துவிட்டு மறுபடி துணி விற்கப் போனார்.

அடுத்த ஏழெட்டு மாதம் சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை. செல்லாயி மட்டும் தினமும் போய்த் தூசு தட்டினாள். ஏன் என்று ராமையா கேட்டதற்கு, “கேக்காத, எனக்கே தெரியல,” என்றாள். சயாமுக்குப் போனவர்களில் மூன்று பேர் எலும்புக்கூடாகத் திரும்பினார்கள். பழனியாண்டி வரவில்லை.

துரை வந்தார். சிங்கப்பூர்ச் சிறைமுகாமில் பாதி உடம்பைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் செல்லாயிக்கு, நாயோடு ஓடிய ஓட்டத்தை இத்தனை பேருக்கு ஓடிக் காட்டினோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் படங்களைக் காட்டினாள். ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. கூடுதலாகவே இருந்தன.

துரை சுற்றிப் பார்த்தார். “இது எல்லாம் எதுக்கு?” என்று தன் தோட்டத் தமிழில் கேட்டார்.

“தொரையோட படம். கண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன்.”

“செல்லாயி, நான் பினாங்குல ஏலம் எடுத்தது. மொத்தமா. சுவர் ஈரம். மஞ்ச மஞ்சளா கறை. படம் போட்டா தெரியாது. அவ்ளோதான்.” பிறகு ஜன்னல் கம்பிகளைப் பார்த்து, “திரை எங்க?” என்றார்.

செல்லாயிக்கு ஓகாத்தாவின் அறைகூட இவ்வளவு வலிக்கவில்லை. வாயைத் திறந்தாள். துரை காலத்தில் பேசாதது, ஜப்பான் காலத்தில் பேசாதது, மருதம்மாள் முன்னால் பேச வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. கறையை மறைக்க வாங்கிய காகிதத்துக்காக ஒருத்தியின் புருஷன் சயாமில் செத்தான், தெரியுமா என்று கேட்டாள். நாய் எங்கே, நாயாவது பிழைத்ததா என்று கேட்டாள். துரைக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே வேலையை விட்டு நீக்கப் போதுமானதாக இருந்தது. தர்மலிங்கம் கிராணி அதே நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய பெயரை அடித்தார்.

அறுவடைக் காலம். யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களில் கதிரறுக்க ஆள் வேண்டும், கூலி நெல்லாகவே கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செல்லாயி மூட்டை கட்டினாள். ராமையா மூட்டையைத் தூக்குவதற்கு முன்பே களைத்திருந்தான். லயத்தைத் தாண்டி நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். மருதம்மாள், இடுப்பில் பிரேமாவதி, தலையில் ஒரு சாக்கு.

“ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத,” என்றாள். மூன்று வருடத்தில் பேசிய முதல் வார்த்தை. “சோறு கெடைக்கும்னு சொன்னாங்க. அதான் வரேன்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் செல்லாயி. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மருதம்மாள் கொடுக்கவில்லை. சாக்கைக் கொடுத்தாள்.

யானில் முதல் நாள் கூலி நெல்லை அன்றே குத்தி, வயலோரத்தில் அடுப்புக் கூட்டி, மீன் குழம்பு வைத்தார்கள். கிழங்கு கலக்காத முழுச் சோறு. நான்கு பேரும் தின்றார்கள். பானை காலியானதும் மறுபடி உலை வைத்துத் தின்றார்கள். சாப்பிட்ட இடத்திலேயே ராமையா மல்லாந்துவிட்டான். செல்லாயி எழுந்திருக்கப் பார்த்தாள், வயிறு விடவில்லை. மருதம்மாளும் பார்த்தாள், அவளுக்கும் முடியவில்லை.

“ஏய், கையக் குடுடி,” என்றாள் மருதம்மாள்.

“எனக்கே யாராச்சும் குடுக்கணும்,” என்றாள் செல்லாயி.

இரண்டு பேரும் எச்சில் கையோடு வரப்பில் அப்படியே கிடந்தார்கள். பிரேமாவதி இருவர் வயிற்றிலும் மாறி மாறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.